நாலாவது அழைப்பு

திருவொற்றியூர்
5 ஆகஸ்ட் 2024

யசோ அக்காவுக்கு மதி எழுதுவது.

அந்த ஊர் வெயில் உன்னை எப்படி வைத்திருக்கிறது? ஹாஸ்டல் சாம்பாரில் இன்னும் புழு வருகிறதா? நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். கடிதத்தில் முதலில் இதைத்தான் எழுத வேண்டும் என்று எங்கள் மகிமா டீச்சர் சொல்வார். எழுதிவிட்டேன்.

நீ அம்மா போனில் கூப்பிடும்போதெல்லாம் நான் குளிக்கிறேன், கடைக்குப் போயிருக்கிறேன் என்று அம்மா சொல்கிறாள் இல்லையா? அதெல்லாம் பொய். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் போனில் பேசப் பிடிக்கவில்லை. காரணம் கேட்காதே. அதற்குப் பதிலாகத்தான் இது.

அறிவு மாமா இறந்து மூன்று வாரம் ஆகிறது. உனக்குப் பரீட்சை, வர முடியவில்லை. நீ பார்க்காததே நல்லது. முகம் நீலமாக இருந்தது. அப்பா எட்டு நாள் படுத்தே கிடந்தார். ஒன்பதாம் நாள் கான்ட்ராக்டர் ஆள் பைக்கில் வந்து கூப்பிட்டான். மணலியில் மாமா இறந்த அதே கெமிக்கல் கம்பெனி, அதே கிளீனிங் வேலை. போகிறார்.

அம்மா ராயபுரத்தில் இறால் உரிக்கிற கம்பெனிக்கு விடிவதற்குள் கிளம்பிவிடுகிறாள். நான் எழுந்திருக்கும்போது வீட்டில் மூடி போட்ட பாத்திரங்கள் மட்டும் இருக்கும். சாயங்காலம் வந்தால் பேச முடியாது அவளால். விரலெல்லாம் ஐஸில் ஊறி வெளுத்திருக்கும். உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். அவளிடம் எதுவும் கேட்காதே.

நீ பதில் போடுவாயா?
உன் தங்கை,
மதி


திருநெல்வேலி
14 ஆகஸ்ட் 2024

என் மதிக்கு,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் வார்டன் முன்னாலேயே சிரித்துவிட்டேன். சாம்பாரில் புழு நின்றுவிட்டது. இப்போது சாம்பாரே வருவதில்லை, ரசம்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை.

காரணம் கேட்காதே என்கிறாய். சரி, கேட்கவில்லை. ஆனால் முன்பெல்லாம் போனைக் கொடு கொடு என்று என் காதிலிருந்தே பிடுங்குகிறவள் நீ. அது எனக்கு உறுத்துகிறது.

அப்பாவைப் பற்றி விவரமாக எழுது. சாப்பிடுகிறாரா? தூங்குகிறாரா? அறிவு மாமாவும் அவரும் பதினோரு வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள். அப்பா அழுதாரா? அழாவிட்டால்தான் கவலை. அம்மாவிடம் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் கீது, நீ படிக்கிற வேலையப் பாரு" என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. மூடி போட்ட பாத்திரங்களைத் திறந்து பார்.
யசோதரா


திருவொற்றியூர்
24 ஆகஸ்ட் 2024

அக்கா,

உன் கடிதத்தை மாடியில் தண்ணீர் தொட்டி நிழலில் உட்கார்ந்து நாலு முறை படித்தேன். நீ கேட்டபடி விவரமாக எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

அப்பா அழவில்லை. சாப்பிடுகிறார். ஆனால் யாராவது பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினால் வெளியே வந்து நின்றுகொள்கிறார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டி, "கீறியா?" என்று கேட்கிறார். "கீறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கதவை உடைக்கிற மாதிரி தட்டுவார்.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கம்பெனியில் ஒருவர் தொட்டிக்குள் இறங்கினால், இன்னொருவர் மேலே அதன் வாயருகே உட்கார்ந்து அப்படித்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அறிவு மாமா நம் வீட்டுக்கு வரும்போது அதைச் சொல்லிக் கேலி செய்வார். "உங்கப்பன் மேல குந்திகினு கீறியா கீறியான்னு உசுர வாங்குறான்" என்பார். மாமா இறந்த அன்றைக்கு மாமா உள்ளே, அப்பா மேலே.

இனி எழுதப்போவதை நம்புவாயா என்று தெரியவில்லை. போன சனிக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தேன். முகம் முழுக்க சோப்பு. அப்பா தட்டினார். "கீறியா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் "கீறேண்ணா" என்று பதில் வந்தது. நான் சொல்லவில்லை அக்கா. நான் அப்பாவை அண்ணா என்று ஏன் கூப்பிடப்போகிறேன்? அது என் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அப்பாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் தட்டவில்லை. நான் வெளியே வந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, பாத்ரூமைத்தான் பார்த்தார்.

நீ வைத்தியம் படிக்கிறவள். இது என்ன என்று சொல்.
மதி


திருநெல்வேலி
3 செப்டம்பர் 2024

மதிக்கு,

எனக்கு லேசாகக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

ஹவுசிங் போர்டு பைப்பில் மேல் வீட்டுச் சத்தமெல்லாம் நம் பாத்ரூமில் கேட்கும். நாம் சின்ன வயதில் அதில் காதை வைத்து விளையாடியிருக்கிறோம். மாடி வீட்டில் யாரோ பேசியிருப்பார்கள். இப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். நீயும் சொல்லிக்கொள்.

அப்பாவை ஒரு மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும். அது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. நேற்று அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். குரலைப் பற்றிச் சொல்லவில்லை, கதவு தட்டுவதை மட்டும் சொன்னேன். அம்மா, "எனுக்கு ஷிப்டு நேரமாவுது" என்று வைத்துவிட்டாள்.

காலாண்டுத் தேர்வு வருகிறதே. படிக்கிறாயா?
யசோதரா


திருவொற்றியூர்
9 செப்டம்பர் 2024

அக்கா,

அம்மாவிடம் ஏன் சொன்னாய்? அம்மா அப்பாவிடம் கேட்க, அப்பா அன்றைக்குச் சாப்பிடாமலேயே வேலைக்குப் போனார். இனிமேல் உனக்கு எதுவும் எழுத மாட்டேன்.

எல்லோரும் நலம். அப்பா நலம். அம்மா நலம். நன்றாகப் படிக்கிறேன். இங்கே நல்ல மழை.

மதி


திருநெல்வேலி
10 அக்டோபர் 2024

என் தங்கச்சிக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு செப்டம்பரிலேயே இரண்டு கடிதம் போட்டேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியாக இருக்கிறதா என்றுகூடக் கேட்கப் பயமாக இருக்கிறது.

நேற்று எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. உன் மகிமா டீச்சர். அம்மாவின் எண்ணுக்குப் பத்து நாளாகக் கூப்பிட்டாராம். கம்பெனிக்குள் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அம்மா எடுக்கவில்லை. பள்ளி ரெஜிஸ்டரில் இரண்டாவதாக என் எண் இருந்ததாம்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து நீ பள்ளிக்கு வரவில்லை என்றார். காலாண்டுத் தேர்வில் ஒன்றுகூட எழுதவில்லை. "நல்லா படிக்கிற பொண்ணு, வீட்ல ஏதாவது பிரச்னையாம்மா?" என்று அவர் கேட்டார். உன் அக்கா நான், எனக்குத் தெரியவில்லை.

மதி, நான் கோபமாக இல்லை. சத்தியமாக இல்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. தினமும் யூனிபார்ம் போட்டுக்கொண்டு எங்கே போகிறாய்? அதை மட்டும் எழுது. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் கிளம்பி வந்துவிடுவேன். அட்டெண்டன்ஸ் போனால் போகட்டும்.

உனக்காக இங்கே விழித்திருக்கும்,
யசோ


திருவொற்றியூர்
16 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

நீ வராதே. உன் படிப்பும் என்னால் போகக் கூடாது. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நான் மணலிக்குப் போகிறேன். அப்பா போன அரை மணி நேரத்தில் அடுத்த பஸ். கம்பெனி கேட்டுக்கு எதிரே, டேங்கர் லாரிகள் நிற்கிற இடத்தில் கலீலுல்லா பாய் டீக்கடை இருக்கிறது. அதன் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சாயங்காலம் அப்பாவுக்கு முந்தைய பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆம்புலன்ஸ் வராதவரைக்கும் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். பாய் முதல் வாரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள், "யாரு வரணும்மா உனுக்கு?" என்றார். அப்பா பெயரைச் சொன்னேன். "கோதண்டமா? உள்ளதான் கீறாரு, பயப்படாத" என்று பன் கொடுத்தார். அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று அழுதேன். அவர் சொல்லவில்லை.

ஏன் போகிறேன் என்றால், அறிவு மாமாவைக் கொன்றது நான்.

ஸ்காலர்ஷிப்புக்கு ஆதார் ஜெராக்ஸ் வேண்டுமென்று அப்பாவின் பையில் தேடினேன். அதில் ஒரு டைப் அடித்த தாள் இருந்தது. கீழே அப்பாவின் கையெழுத்து. அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம்: "மேற்படி நாளில் சுமார் 11 மணியளவில் என் மகள் கைபேசியில் அழைத்த காரணத்தால், நான் காவல் இருந்த இடத்தைவிட்டு என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகிச் சென்றேன்."

அன்றைக்கு ஞாயிறு. ஆறு ஞாயிறாக அப்பாவுக்கு லீவே இல்லை. அந்த வாரம் அரை நாள் மட்டும்தான், மதியம் வந்து வண்ணாரப்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கு எதுவும் வாங்க வேண்டாம், சும்மா அவரோடு மெட்ரோவில் போக வேண்டும். அம்மாவும் வேலைக்குப் போய்விட்டாள். காலையிலிருந்து தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. அம்மா வீட்டில் விட்டுப்போகிற பழைய போனிலிருந்து நாலு முறை கூப்பிட்டேன். மூன்று முறை எடுக்கவில்லை. நாலாவது முறை எடுத்தார். "எப்பப்பா வருவ?" என்றேன். பின்னால் நிறைய பேர் கத்தினார்கள். அப்பா, "தோ வந்துகினே கீறேன் கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அப்பா அங்கேயே உட்கார்ந்து "கீறியா" என்று கேட்டுக்கொண்டிருப்பார். மாமாவின் குரல் பாத்ரூமில் எதற்காக வருகிறது என்று இப்போது உனக்குப் புரிகிறதா? அது பைப் இல்லை.

எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. தூக்கம்தான் வரவில்லை.
மதி


திருநெல்வேலி
20 அக்டோபர் 2024
(பதிவுத் தபால்)

அப்பாவுக்கு யசோதரா எழுதுவது.

நீ எப்படி இருக்கிறாய் என்று மதியின் கடிதங்களிலிருந்து தெரியும். போனில் கேட்டால் "நல்லாகீறேன்" என்பாய். அதனால் எழுதுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

உன் பையிலிருந்த தாளை மதி படித்துவிட்டாள். இரண்டு மாதமாக அவள் பள்ளிக்குப் போகவில்லை. நீ வேலை செய்கிற கேட்டுக்கு எதிரே டீக்கடையில், நீ உயிரோடு வெளியே வருகிறாயா என்று காத்துக்கொண்டிருக்கிறாள். நீ வீட்டுக்குக் கிளம்புவதற்குள் முந்தைய பஸ்ஸைப் பிடித்து வந்து, உனக்குக் கதவைத் திறக்கிறாள். அறிவு மாமாவைத் தான் கொன்றதாக நினைக்கிறாள். பதினாலு வயதுப் பிள்ளை.

அந்தத் தாளில் இருப்பது உண்மையா? எதுவாக இருந்தாலும் அவளிடம் நீதான் பேச வேண்டும். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாள். அம்மாவுக்கும் இனி மறைக்க வேண்டாம்.

உன்மேல் எனக்குப் பாசம் குறையவில்லை. பயம்தான் கூடியிருக்கிறது.
யசோதரா


திருவொற்றியூர்
6 நவம்பர் 2024

யசோம்மாவுக்கு அப்பா எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு எழுதிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. எட்டாவதோடு சரி. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

தீபாவளி முடியட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, அதுவும் சாக்குத்தான் என்று புரிந்தது.

அந்தத் தாள் பொய். எங்கள் போன்களை எல்லாம் காலையில் கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். உள்ளே கொண்டுபோக முடியாது. நான் தொட்டியை விட்டு நகர்ந்தது உண்மை. ஏன் நகர்ந்தேன் என்பதுதான் பொய். அந்தப் பக்கம் ஓஸ் பைப் பிடிக்க ஆள் இல்லையென்று சூப்பர்வைசர் கூப்பிட்டான். "உள்ள ஆள் கீது சார்" என்றேன். "ரெண்டு நிமிஷம்யா, வா" என்றான். போனேன். திரும்பி வந்து கேட்டேன். பதில் இல்லை. அறிவை மேலே தூக்கும்போது பத்தே முக்கால். ஆம்புலன்ஸுக்குச் சொல்ல கேட்டுக்கு ஓடி, பெட்டியிலிருந்து என் போனை எடுத்தேன். கையிலேயே அடித்தது. மதி. எடுத்துவிட்டேன். புள்ளையிடம் என்ன சொல்ல? வந்துகினே கீறேன் என்றேன். பின்னால் அறிவைத் தரையில் போட்டு நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

போனில் அந்த நேரம் பதிவாகியிருந்தது. கான்ட்ராக்டர் அதைப் பிடித்துக்கொண்டான். ஒரு வரிதான், கையெழுத்துப் போடு, உன் வேலை உனக்கு, இல்லாவிட்டால் கேஸ் உன்மேல்தான் என்றான். எப்படியும் நான்தானே நகர்ந்தேன் என்று போட்டேன். பெற்ற பிள்ளை பெயரை அதில் ஏற்றுகிறேன் என்று அப்போது தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.

மதியிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "அப்ப இன்னாத்துக்கு கையெழுத்துப் போட்ட?" அவள் என்னை நம்பவில்லை. வாயால் சொன்னால் போதாது போலிருக்கிறது. போட்ட கையெழுத்தை எடுக்க வேண்டும். வரும் வாரம் அறிவு சம்சாரம் ஐரீனிடமும், தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசுக்கும் போகிறேன். வேலை போகும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. உனக்கு மட்டும். உள்ளே காற்று ஊதுகிற மிஷின் மதியம்தான் வரும் என்றார்கள். அது வராமல் இறங்கக் கூடாது. அறிவு சொன்னான்: "நீ மதிக்கு வாக்குக் குடுத்துகீற. மிஷினுக்கோசரம் நிக்காத. பத்து நிமிஷத்துல முடிச்சிக் குடுத்துட்றேன், கெளம்பு." நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றேன். சிரித்துக்கொண்டே இறங்கினான். அவன் பேசியது அதுதான் கடைசி, பிறகு உள்ளேயிருந்து 'கீறேண்ணா' மட்டும்தான்.

இது மதிக்குத் தெரிய வேண்டாம். உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.
அப்பா
கோதண்டம்


திருவொற்றியூர்
8 டிசம்பர் 2024

அக்காவுக்கு மதி எழுதுவது. புயல் மழையில் நம் தெருவில் முழங்கால் தண்ணீர். நான் நலம், இந்த முறை பாதி நிஜம்.

வியாசர்பாடிக்கு, அறிவு மாமா வீட்டுக்கு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஐரீன் அக்கா கதவைத் திறந்து, உள்ளே வா என்று சொல்லவில்லை. "இன்னாத்துக்கு வந்த?" என்றார். அப்பா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். சூப்பர்வைசர் கூப்பிட்டது, தாள், போன் பெட்டி, எல்லாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அப்பா குரலைக் குறைக்கவில்லை.

ஐரீன் அக்கா கதவைப் பிடித்தபடியே கேட்டார். பிறகு, "நாலு மாசமா ஜெபத்துல உன் பேரச் சொல்லி, நாசமா பூடணும்னு கேட்டுகினு இருந்தேன். கம்பெனிக்காரனுங்க வந்து உன் பேர மட்டும்தான் சொன்னானுங்க" என்றார். அப்பா, "கேளும்மா. அது தப்பில்ல" என்றார்.

அப்புறம் என்னைப் பார்த்தார். "நீதான் போன் பண்ண புள்ளையா?"

ஆமாம் என்றேன்.

"புள்ளைங்க கூப்டத்தான் செய்யும். நானுந்தான் அன்னிக்கு அவர கூப்ட்டேன். ரெண்டு தபா. பெட்டிக்குள்ளயே அடிச்சிகினு கெடந்துருக்கும்" என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவர் அழவில்லை, நான்தான் அழுதேன்.

கிளம்பும்போது அப்பாவிடம், "அவரு கடைசியா இன்னா சொன்னாரு? உங்கிட்டதான பேசிகினு இருந்தாரு?" என்று கேட்டார். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்தும் நிமிரவில்லை. "ஒண்ணும் சொல்லல. சிரிச்சிகினே எறங்கினான்" என்றார்.

ஆய்வாளர் ஆபீசில் அப்பா சொன்னதை எழுதிக்கொண்டு திரும்பவும் விசாரிக்கிறோம் என்றார்கள். மறுநாளே அப்பாவின் கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். காட்டுப்பள்ளியில் வேலை கேட்டிருக்கிறார், இன்னும் வரவில்லை. சமைக்கிறார், உப்புத்தான் எப்போதும் அதிகம். புதன்கிழமை ஜி.எச்.-இல் டாக்டரைப் பார்க்கப் போகிறார். நான் பள்ளிக்குப் போகிறேன். மகிமா டீச்சர் எல்லோர் முன்னாலும் ஒன்றும் கேட்கவில்லை.

பாத்ரூமில் அந்தக் குரல் இன்னும் சில நாள் வருகிறது. முன்பு என்னைத் தேடி வருகிறது என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பயம் மட்டும் போகவில்லை.

ஒன்று கேட்கிறேன். ஐரீன் அக்கா கேட்டதற்கு அப்பா சொன்னது பொய். அவர் குனிந்திருந்தது எனக்குத் தெரியும். மாமா கடைசியாக ஏதோ சொல்லியிருக்கிறார். உனக்குத் தெரியுமா?

மதி

(கீழே அம்மா எழுதுகிறேன். யசோ, உன் தங்கச்சியின் யூனிபார்மை நான்தான் தினமும் துவைத்தேன். அதில் லாரிப் புகையும் டீசல் வாடையும் இருந்தது. பள்ளிக்கூடத்து வாடை இல்லை. ஒரு நாள் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு நாள் எனக்கு வரவே இல்லை. இனி ஞாயிறு வேலைக்கு வர முடியாது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். நன்றாகச் சாப்பிடு.)


திருநெல்வேலி
28 டிசம்பர் 2024

என் மதிக்கும் அம்மாவுக்கும்,

காய்ச்சல் இல்லை, பரீட்சை முடிந்தது. அம்மா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா, உன்மேல் யாருக்கும் கோபம் இல்லை.

மதி, நீ கேட்டாய். தெரியாது என்று எழுதிக் கிழித்தேன். பிறகு வேறொரு பொய் எழுதி அதையும் கிழித்தேன். பொய்த் தாள் ஒன்று உன்னை என்ன செய்தது என்று பார்த்துவிட்டேன், இன்னொன்றை நான் அனுப்ப மாட்டேன்.

எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் எழுதக் கூடாது. அது அப்பாவுடையது. அவர் சுமந்துகொண்டிருக்கிறார். ஒரு நாள் ஐரீன் அக்காவிடமும் உன்னிடமும் அவராகவே சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அன்றைக்கு நீ அதைக் கேட்டுக்கொள். உன் தோளில் வாங்கிக்கொள்ளாதே. அதுவரை குனிந்திருக்கும் அவரை நிமிர்த்திக் கேட்காதே.

அந்தக் குரல் பைப்தான் என்று நான் சொன்னேன். அதை எழுதிய வாரம் முழுக்க நானும் இங்கே குளியலறைக் கதவைச் சாத்தாமல்தான் குளித்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

பொங்கல் லீவுக்கு வருகிறேன். ஜனவரி ஒன்பது, வியாழக்கிழமை காலை எழும்பூரில் இறங்குவேன். யாரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். அம்மா வேலைக்குப் போகட்டும், நீ பள்ளிக்குப் போ. லீவு போட்டால் அடிப்பேன்.

சாயங்காலம் நீ வரும்போது நான் வீட்டில் இருப்பேன்.
யசோ